ஒரு சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும்

டாக்கா மாநகரின் மொஹாகாலி பகுதியில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. அதன் முழுப்பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரருக்குப் புரிவதில்லை. 'காலரா ஆஸ்பத்திரி' என்றால் போதும். நள்ளிரவானாலும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார். அந்த மருத்துவமனையின் வாசலை மிதிப்பேன் என்று ஊரிலிருந்து புறப்பட்டபோது நான் எண்ணவில்லை. தோல் பதனிடும் ஆலைகளைப் பார்க்கச் சென்றவன், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக என் நெஞ்சில் கிடக்கும் ஒரு கேள்விக்கு விடை தேடிக்கொண்டு திரும்பினேன். வாசகர்கள், குறிப்பாகத் தாய்மார்கள், அந்த விடையை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

2019ஆம் ஆண்டு ஜனவரி மாதம். திண்டுக்கல்லில் தோல் வணிகம் செய்யும் என் மச்சான் டாக்காவுக்குப் புறப்பட்டார். "உர்தூ தெரிந்த ஒருவர் உடனிருந்தால் எனக்குப் பேச்சுத் துணையாக இருக்கும். பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நீங்களும் வாருங்கள்" என்று என்னையும் அழைத்தார். டாக்காவின் தோல் ஆலைகள் 2017இல் பழைய ஹஜாரிபாகை விட்டுச் சாவர் பகுதியிலுள்ள ஹேமாயத்பூருக்கு இடம் மாற்றப்பட்டிருந்தன. மச்சானின் வேலை அங்கே. எங்களுக்கு இடமளித்தவர் அறுபது வயதைக் கடந்த ஒரு வணிகர். நல்ல உர்தூ பேசினார். பெரிய குடும்பம், மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் என்று வீடு நிறைந்திருந்தது.

நாங்கள் சென்ற மூன்றாம் நாள், அவருடைய ஒன்றரை வயதுப் பேரனுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. வங்கத்தில் குளிர்காலம் என்பது குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸ் பேதி பரவும் காலமாம். வீட்டில் யாரும் பதறவில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. பெரியம்மா ஒரு பையனைத் தெருமுனைக்கு அனுப்பினார். வெற்றிலை பாக்கு, பீடி, பிஸ்கட் விற்கும் சிறு பெட்டிக்கடை அது. அங்கிருந்து இரண்டு பொட்டலங்கள் வந்தன. ஆற வைத்த கொதிநீரில் அளந்து கரைத்து, மருமகள் கரண்டி கரண்டியாகப் புகட்டத் தொடங்கினார். "இது என்ன மருந்து?" என்று கேட்டேன். "மருந்து இல்லை, சலைன்" என்றார் பெரியவர். நம் ஊரில் சலைன் என்றால் நரம்பில் ஏற்றும் பாட்டிலைத்தான் நினைப்போம். அங்கே சலைன் என்பது வாயால் குடிப்பது! நாம் ஓ.ஆர்.எஸ். என்று சொல்கிற அதே உப்பு சர்க்கரைக் கரைசல்தான்.

இரவு இஷாவுக்குப் பிறகு குழந்தை குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தது. கண்கள் குழி விழுந்தன. அப்போதுதான் மருத்துவமனைக்குப் புறப்பட்டோம்.

துளையிட்ட கட்டில்கள்

நீண்ட கூடம். வரிசை வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலின் நடுவிலும் ஒரு வட்டத் துளை. மேலே ரெக்ஸின் விரிப்பு. துளைக்கு நேர் கீழே ஒரு வாளி. நோயாளி எழுந்து போக வேண்டியதில்லை. எவ்வளவு நீர் வெளியேறியது என்பதை வாளியில் அளந்து, அவ்வளவு நீரையும் உடலுக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். பார்ப்பதற்கு அருவருப்பாகத் தோன்றும் அந்தக் கட்டில், எவ்வளவு சிந்தித்து அமைக்கப்பட்டது என்பது சற்று நேரம் நின்று பார்த்தால் விளங்கும்.

மருத்துவம் முழுவதும் இலவசம். ஆண்டொன்றுக்கு ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கே வருகிறார்கள். மழைக்கு முன்பும் மழைக்குப் பின்பும் கூட்டம் பெருகும்போது வெளியே கூடாரம் அடிக்கிறார்கள். இத்தனை பேர் வந்தாலும், பெரும்பாலான படுக்கைகளின் அருகே நான் கண்டது ஊசியையும் பாட்டிலையும் அல்ல. ஒரு கோப்பை, ஒரு கரண்டி, ஒரு தாய். மருத்துவரை எதிர்பார்த்துக் கைகட்டி நிற்பவளாக அல்ல, மருத்துவம் செய்பவளாகவே தாய் அங்கே அமர்ந்திருக்கிறாள்.

எங்கள் குழந்தையின் தாய்க்கும் செவிலியர் ஒன்றையே மீண்டும் மீண்டும் சொன்னார்: "வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு மெல்ல மெல்லக் கொடுங்கள். நிறுத்தாதீர்கள்." ஃபஜ்ருக்குப் பாங்கு ஒலித்த வேளையில் குழந்தை சிறுநீர் கழித்தது. அதைக் கண்ட தாயின் முகத்தை நான் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் என் உள்ளம் திண்டுக்கல்லுக்குப் போய்விட்டது.

1985ஆம் ஆண்டு. எனக்கு ஆறு வயது. பதினான்கு மாதமே நிரம்பிய என் தம்பிக்கு இதே போன்று வாந்தியும் பேதியும் கண்டது. "ஓடுகிற வயிற்றுக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் ஓடும்" என்பது பெரியவர்களின் முடிவு. குழந்தை நாக்கை நீட்டி நீட்டித் தண்ணீர் கேட்டது. அம்மா அழுதுகொண்டே ஈரத் துணியால் அவன் உதட்டைத் துடைத்தார், கொடுக்கவில்லை. இரண்டாம் நாள் அஸர் நேரத்தில் அவன் போய்விட்டான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எல்லாரும் அவனைக் காப்பாற்றவே நினைத்தார்கள். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

தெரிந்திருந்தும் எட்டாத அறிவு

அப்படியானால் உலகில் யாருக்குமே தெரியாதா? தெரியும்! 1985க்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். அதுவும் நான் நின்றுகொண்டிருந்த அதே நிறுவனத்தில்தான் தெரிய வந்தது.

கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த காலத்தில், 1960இல், டாக்காவில் காலரா ஆராய்ச்சிக் கூடம் ஒன்று நிறுவப்பட்டது. காலரா முற்றிய ஒருவரது உடலிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட நீர் வெளியேறிவிடும். மருத்துவம் கிடைக்காவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். நரம்பில் உப்புநீர் ஏற்றினால் பிழைப்பார். ஆனால் தூய்மையான உப்புநீரும் ஊசியும் பழகிய கையும் ஆற்றங்கரைக் கிராமத்துக்கு எப்படிப் போய்ச் சேரும்? வாயால் தண்ணீர் கொடுத்தாலோ, குடலில் நிற்காமல் வெளியேறியது.

அதே 1960இல் ராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி ஓர் உண்மையை எடுத்துரைத்தார். குடலின் சுவரில் உப்பும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையும் சேர்ந்து நுழையும் ஒரு வாசல் இருக்கிறது. இரண்டும் கைகோத்து உள்ளே போகும்போது தண்ணீரும் அவற்றின் பின்னே போகிறது. காலரா நஞ்சு குடலைப் பாடாய்ப் படுத்தினாலும் இந்த வாசலை மட்டும் அடைப்பதில்லை. 1968இல் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்னும் இளம் மருத்துவர்களும் அவர்களது வங்காளிச் சகாக்களும் டாக்காவில் நோயாளிகளுக்குச் சரியான அளவில் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தனர். நரம்பு வழியே ஏற்ற வேண்டிய நீரின் தேவை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தது. இது 'லான்செட்' என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் அவ்வாண்டே வெளிவந்தது. கல்கத்தாவிலும் அக்காலத்தில் இதே ஆய்வு நடந்தது.

1971இல் வங்கதேசப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகள் போங்காவ் முகாமில் காலராவால் மடிந்தனர். அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மஹாலநபிஸிடம் ஏற்றுவதற்கு உப்புநீர் தீர்ந்துபோனது. அவர் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா ஆகியவற்றைக் கலந்து பைகளில் நிரப்பி வரவழைத்து, தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த இறப்பு, நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. 1978இல் இதனை இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று 'லான்செட்' இதழ் தலையங்கம் தீட்டிற்று.

இவ்வளவும் நடந்து முடிந்து ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் என் தம்பி இறந்தான். இதழில் இருந்த அறிவு எங்கள் வீட்டு அடுப்பங்கரைக்கு வரவில்லை. உப்பு வீட்டில் இருந்தது, சர்க்கரையும் இருந்தது, தண்ணீரும் இருந்தது. இரண்டையும் சேர்க்கச் சொல்ல ஒருவர் இல்லை.

மேக்னா நதியில் ஒரு நாள்

இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பேரன் தேறிவிட்டான். நாளை சாந்த்பூரில் இருக்கும் என் அக்காவிடம் உங்களை அழைத்துப் போகிறேன். அவரிடம் கேளுங்கள்" என்றார்.

காலையில் சதர்காட் படித்துறை. புரிகங்கா நதியின் கறுத்த நீரில் அடுக்கடுக்கான லாஞ்சுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. கூலிகளும் பயணிகளும் ஆரஞ்சுப் பழக் கூடைகளும் ஒரே பலகையில் ஏறி இறங்கின. நகரத்தை விட்டு விலக விலக நீர் தெளிந்தது. மேக்னாவை அடைந்தபோது அக்கரை தெரியவில்லை. பத்மாவும் மேக்னாவும் கூடும் இடத்தில் அமைந்திருக்கிறது சாந்த்பூர். இலிஷ் மீனுக்குப் பெயர்போன ஊர். இம்மாவட்டத்தில்தான் மத்லப் என்னும் இடத்தில் 1963 முதல் காலரா ஆராய்ச்சியின் கிராமப்புற நிலையம் செயல்படுகிறது. ஆய்வுக்கூடத்தை நகரத்தில் மட்டும் வைத்துக்கொள்ளாமல், நோய் வாழும் ஆற்றங்கரைக்கே கொண்டுவந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

பெரியவரின் அக்காவுக்கு எழுபதுக்கு மேல் வயது. தகர வீடு, முற்றத்தில் ஒரு குளம். நாங்கள் வந்த காரணத்தை அறிந்ததும் உள்ளே சென்று, நசுங்கிப்போன ஓர் அலுமினியக் குவளையை எடுத்து வந்தார். அதன் உட்புறத்தில் ஒரு கீறல்.

"1980களில் இரண்டு பெண்கள் நடந்தே வந்தார்கள். என் வீட்டுப் பாத்திரத்திலேயே அரை சேர் தண்ணீரை அளந்து, இந்தக் கோட்டைக் கீறினார்கள். இந்தக் கோடு வரை தண்ணீர். மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு. ஒரு பிடி வெல்லம். என்னையே செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். தப்பாகச் செய்தால் மறுபடியும். அவர்கள் போகும்போது எனக்குக் கை வலித்தது" என்று சிரித்தார். பிறகு வங்காளியில், "ஏக் சிம்டி லபன், ஏக் முட்டோ குர், ஆதா சேர் பானி" என்று, மக்தபில் பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பது போல் ஒப்பித்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஓர் எழுத்து மறக்கவில்லை!

அந்தப் பெண்களை அனுப்பியது ப்ராக் என்னும் தொண்டு நிறுவனம். 1972இல் அதனைத் தொடங்கிய ஃபஸ்லே ஹசன் ஆபித் மருத்துவர் அல்லர். எண்ணெய் நிறுவனம் ஒன்றில் கணக்குத் துறை அதிகாரியாக இருந்தவர். 1980 முதல் 1990 வரை, அவருடைய ஊழியர்கள் ஏறத்தாழ நாடு முழுவதும் ஒரு கோடியே இருபது இலட்சம் வீடுகளுக்குச் சென்று, ஒவ்வொரு தாய்க்கும் நேரில் கற்றுக்கொடுத்தனர்.

இதில் ஓர் ஆசிரியனாக என்னைக் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. ஊழியருக்கு ஊதியம் எத்தனை வீடுகளுக்குப் போனார் என்பதைப் பொறுத்தல்ல. சில வாரங்கள் கழித்து வேறொருவர் வந்து தாய்மார்களிடம் கேட்டுப் பார்ப்பார். அவர்கள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்களோ அதற்கேற்பவே ஊதியம்! தாய்மார்கள் கரைத்த நீரின் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி உப்பின் அளவையும் சோதித்தார்கள். ஏனெனில் உப்பு கூடினால் அதுவே ஆபத்து. நாம் பாடம் நடத்திவிட்டோம் என்று நிறைவடைகிறோம். மாணவன் கற்றானா என்று கேட்பதே அரிது.

அப்படியும் தொடக்கத்தில் தோல்விதான். கற்றுக்கொண்ட தாய்மார்களில் மிகச் சிலரே கரைசலைப் பயன்படுத்தினர். ஏன் என்று ஆராய்ந்தபோது, கற்பித்த ஊழியர்களே அதனை நம்பவில்லை என்பது தெரிந்தது. தமக்குப் பேதி கண்டால் அவர்கள் மாத்திரையைத்தான் தேடினர்! ஆகவே ஊழியர்களுக்கு இக்கரைசல் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை முதலில் விளக்கிக் காட்டினர். ஆண்களைக் கலக்காமல் பெண்களிடம் மட்டும் பேசியதும் குறையென்று கண்டு, சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினர். அதன் பிறகே நிலைமை மாறிற்று.

பெட்டிக்கடைக்கு வந்த பொட்டலம்

"இப்போதும் வெல்லம்தான் கரைக்கிறீர்களா?" என்று அந்த மூதாட்டியிடம் கேட்டேன். "எங்கே? வெல்லம் எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. கடையில் பொட்டலம் இருக்கிறதே!" என்றார்.

அந்தப் பொட்டலத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. உப்பையும் சர்க்கரையையும் கண்டுபிடிப்பு என்று காப்புரிமை வாங்கி யாரும் கோடீஸ்வரர் ஆக முடியாது. பெரும் லாபம் இல்லாத பொருளை எந்த வணிகர் ஊர் ஊராகச் சுமந்து விற்பார்? இந்த இடைவெளியை நிரப்ப வந்தது சோஷியல் மார்க்கெட்டிங் கம்பெனி. 1970களின் நடுவில் வெளிநாட்டு உதவியோடு குடும்பநலத் திட்டமாகத் தொடங்கி, 1990இல் லாப நோக்கமற்ற கம்பெனியாக மாறிய நிறுவனம் அது. 1980களில் 'ஓஆர்சலைன்' என்னும் பெயரில் பொட்டலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அரை லிட்டருக்கு ஒரு பொட்டலம். ஏழையும் வாங்கக்கூடிய விலை. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம். சோப்பும் தீப்பெட்டியும் எந்தக் கடைக்குப் போகின்றனவோ அந்தக் கடைக்கெல்லாம் இதுவும் போனது. பிறகு தனியார் மருந்துக் கம்பெனிகளும் தயாரிக்க முன்வந்தன. அரசும் மருத்துவ நிலையங்களில் வழங்கியது.

இலவசமாகவே கொடுத்திருக்கலாமே என்று நான் கேட்டேன். வணிகரான பெரியவர் சொன்ன பதில் சிந்திக்க வைத்தது: "இலவசப் பொட்டலம் அரசு அலுவலகம் திறந்திருக்கும்போது கிடைக்கும். குழந்தைக்குப் பேதி நடு இரவில் வரும். கடைக்காரனுக்கு அதில் ஒரு காசு கிடைத்தால்தான் அவன் அதை வாங்கி வைத்திருப்பான். ஆனால் ஒன்று, அந்தப் பெண்கள் வீடு வீடாக வந்து சொல்லியிராவிட்டால், கடையில் வைத்திருந்தாலும் யார் வாங்கியிருப்பார்கள்?"

எவ்வளவு பொருத்தமான சொல்! விஞ்ஞானி கண்டறிந்தார்; ஆசிரியர் கற்பித்தார்; வணிகர் கொண்டுசேர்த்தார். மூவரில் ஒருவர் இல்லையென்றாலும் மற்ற இருவரின் உழைப்பும் வீண். ஏழை நாடுகளில் ஆராய்ச்சிகள் பல அலமாரியில் உறங்குவதற்குக் காரணம் அறிவுப் பஞ்சம் அன்று. முதலாமவருக்குப் பரிசு கொடுக்கிறோம்; மற்ற இருவரையும் தேடுவதே இல்லை.

கடந்த இருபது ஆண்டுகளின் கணக்கெடுப்புகளில், பேதி கண்ட வங்கதேசக் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு இக்கரைசல் கொடுக்கப்பட்டிருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் இருநூறுக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குள் இறந்த நாடு அது. இன்று அந்த எண்ணிக்கை ஏறத்தாழ முப்பது. தடுப்பூசி, பெண் கல்வி, உணவு ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு என்றாலும், பொட்டலத்தின் பங்கு சிறியதன்று.

நோய் ஒழிந்துவிட்டது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2022 வசந்த காலத்தில் அதே மொஹாகாலி மருத்துவமனைக்கு ஒரே நாளில் 1,200க்கும் மேற்பட்டோர் வந்தனர். கரைசல் உயிரைக் காக்கும், குடிநீரைத் தூய்மையாக்காது. அந்தக் கடமை இன்னும் பாக்கியிருக்கிறது.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்

சந்தை நல்லதையும் கொண்டுவரும், போலியையும் கொண்டுவரும். நம் நாட்டில் சர்க்கரை மிகுந்த பானங்கள் சில ஓ.ஆர்.எஸ். என்னும் எழுத்துகளைத் தம் பெயரில் தாங்கிக்கொண்டு கடைகளில் விற்கப்பட்டன. 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அவ்வாறு பெயரிடுவதைத் தடை செய்தது. சர்க்கரை மிகுந்த நீர் பேதியைக் கூட்டும். எனவே வாங்கும்போது, உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவின்படி அமைந்ததா என்று உறையைப் படித்துப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம் என்பது அந்த அளவு.

பொட்டலத்தில் எத்தனை தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ அத்தனையும் ஊற்றுங்கள். பாதிப் பொட்டலம், பாதித் தண்ணீர் என்று கண்ணளவில் கலக்காதீர்கள். கொதிக்க வைத்து ஆறிய நீரில் கரைத்து, ஒரு நாளைக்குள் பயன்படுத்துங்கள். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. அளவை மருத்துவரிடம் கேளுங்கள். மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, குழிந்த கண், மயக்கம், சிறுநீர் இல்லாமை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே செல்லுங்கள்.

ஊர் திரும்பியதும் பெட்டியிலிருந்து ஒரு ஓஆர்சலைன் பொட்டலத்தை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தேன். என்னவென்று விளக்கினேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நெடுநேரம் கழித்து, "இது அப்பவே இருந்துச்சாத்தா?" என்று கேட்டார். பொய் சொல்ல நா எழவில்லை. "இருந்துச்சும்மா, நம்ம தெருவுக்கு வரல" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை; முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இன்று எங்கள் வீட்டில் மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் எப்போதும் நான்கு பொட்டலங்கள் இருக்கும். தெருவில் எந்தக் குழந்தைக்கு வயிறு போனாலும் அம்மா ஒன்றை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவார். கரைத்துக் கொடுத்துவிட்டு வருவதில்லை. அந்த வீட்டுப் பெண்ணையே கரைக்கச் சொல்லி, சரியாகச் செய்கிறாளா என்று பார்த்த பிறகே திரும்புவார். வாசக சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இரண்டு பொட்டலம் வாங்கி வையுங்கள். அடுத்த வீட்டுக்கும் சொல்லிவையுங்கள்.